மஞ்சள் அடித்த பிலிம்

மகுடேஸ்வரன் வீடு எது என்று எங்கள் வீதியில் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஷேடுகாரர் வீடு என்றால் டீக்கடைக்காரர் வடையைப் போட்டுக்கொண்டே கை காட்டிவிடுவார். அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பது என் வேலை. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டையும் நாங்கள் சாயம் போட்ட பனியன் துணியையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நிறம்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றுதான் என்றால் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் துணி மறுபடியும் தொட்டிக்குப் போகும்.

எங்கள் முதலாளி கந்தப்பன், "மகுடேசு தலையாட்டினா லாரி கிளம்பலாமுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஏறிப்போன திமிர் கொஞ்சநஞ்சமல்ல. மளிகைக் கடையில் துவரம்பருப்பைக் கையில் வாங்கி, இது போன வாரத்து லாட் இல்லையே என்று சொன்னவன் நான். தங்கை மகள் நிச்சயத்தில், மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்த பட்டுச்சேலைக்கும் ரவிக்கைக்கும் அரை டோன் வித்தியாசம் இருக்கிறது என்று சபையிலேயே எடுத்துச் சொன்னேன். அன்றையிலிருந்து விசேஷ வீடுகளில் என்னைப் பந்தி விசாரிக்க மட்டும்தான் கூப்பிடுகிறார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு வானத்தைப் படம் எடுக்கிற கிறுக்கு வேறு. எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் கடையைக் காலி செய்தபோது அவருடைய பழைய பிலிம் கேமராவை வாங்கி வந்தேன். எதற்கென்று தெரியாமல்தான் வாங்கினேன். கூடவே வந்த தடிமனான புத்தகத்தில், கலர் பிலிமுக்குள் மூன்று அடுக்கு இருக்கிறது, கழுவும்போது ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வொரு சாயம் உருவாகும் என்று போட்டிருந்தது. சாயம் என்ற சொல்லைப் பார்த்த பிறகு நான் எதற்கு மேலே படிக்கப் போகிறேன்? உலகத்தில் போட்டோ எடுக்கிறவன் எல்லாம் நம் தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறான், நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

பல்லடம் தாண்டி என் மச்சினன் தோட்டம் இருக்கிறது. அங்கே முக்காலியில் கேமராவை வைத்து ராத்திரியில் அதன் ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டேன். கண்ணுக்கு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்த நட்சத்திரங்கள் பிலிமில் ஒன்று ஆரஞ்சாக, ஒன்று நீலமாக வந்திருந்தன. அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்த நிமிஷமே, இதற்கும் ஒரு ஷேடுகாரன் தேவைதானே என்று தோன்றியது.

வானத்துக்குப் பிலிம் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வெயிலில் எடுத்தால் தங்கமாக வேலை செய்கிற பிலிமுக்கு, இருட்டில் நேரம் நீள நீளச் சோம்பல் வந்துவிடும். அதுவும் மூன்று அடுக்குக்கும் ஒரே மாதிரி வராது. ஒன்று முன்னே ஓடும், ஒன்று பின்தங்கும், படம் பச்சையடித்துப் போகும். சாயத் தொட்டியிலும் இதே கதைதான். மூன்று சாயத்தில் ஒன்று முந்திக்கொண்டு ஏறினால் அந்த லாட்டுத் துணி மொத்தமும் கெட்டது. அதனால் பிலிமின் குணத்தை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. சொல்ல வந்தவர்களையும் நான் விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், புரட்டாசிக் கடைசியில் சாயங்காலத்தில் ஒரு வால்நட்சத்திரம் தெரியும் என்ற செய்தி வந்தது. அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. பல்லாயிரம் வருஷத்துக்கு ஒரு முறை வரும், ஒருவேளை திரும்பி வராமலேயே போய்விடும் என்றார்கள். அப்போது ஆடி மாதம். எங்கள் லேபில் மதுமதி என்று ஒரு பெண் இருக்கிறது. படித்த பெண். துணியை உள்ளே வைத்தால் நிறத்தை எண்ணாகச் சொல்லும் கலர் மெஷின் அதன் பொறுப்பில் இருக்கிறது. டீ நேரத்தில் அந்தப் பெண், இப்போதெல்லாம் போனிலேயே வால்நட்சத்திரத்தை எடுத்துவிடலாம் என்று யாரிடமோ சொன்னது. என்னிடம் சொல்லவில்லை. இருந்தாலும் நான் எழுந்துபோய் நின்றேன்.

"போன் எடுக்கிற கலரு, போன் போட்ட சாயம் கண்ணு. நான் பிலிமுல அசல் கலரை எடுத்துக் காட்டுறேன். காட்டலைன்னா, அன்னையிலிருந்து உன்ற மெஷின் சொல்லாம ஒரு லாட்டுலகூடக் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அய்யோ, அப்படியெல்லாம் வேண்டாமுங்ணா," என்றது மதுமதி.

வேண்டாம் என்றால் நிறுத்துகிற பிறவியா நான்? முதலாளி காதில் விழும்படி இன்னொரு தரம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, நல்லா எடுங்க, ஆபீசுல மாட்டி வெச்சுடலாம் என்றார். ஆக, என் கண்ணை நானே பந்தயத்தில் வைத்தேன். எனக்கு வேறு படிப்பு கிடையாது, கைத்தொழில் கிடையாது. கண்தான் சோறு போடுகிறது. அதை டீக்கு நடுவில் தூக்கி வைத்துவிட்டு ஒரு முறுக்கும் தின்றேன்.

சரியான பிலிமைப் பிடிக்க வேண்டும் அல்லவா? ஸ்லைடு பிலிம்தான் எடுப்பது என்று முடிவு செய்தேன். அதில் கழுவி வருவதே படம், பிரிண்ட் போடுகிறவன் கைவண்ணம் இடையில் வராது. வகைக்கு ஒரு ரோல் வரவழைத்தேன். இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். குளிரிலிருந்து எடுத்து உடனே பிரித்தால் வேர்த்துவிடும், டப்பாவோடு வெளியே வைத்து ஆறவிட்டுத்தான் திறக்க வேண்டும். இந்த விதியை மீறி டப்பாவைத் திறந்து பார்த்ததற்காக என் மனைவி சாரதாமணியிடம் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்ததாகப் பிறகு சொன்னாள்.

ஒவ்வொரு ரோலிலும் முதல் படத்தைப் பகலில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கழுவுகிற லேபில் எங்கே வெட்டுவது என்று தெரியாது. ராத்திரிப் படங்கள் கறுப்பாகத்தானே இருக்கும்? ஒரு தரம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நட்டநடுவில் வெட்டி, ஆளுக்குப் பாதியாக இரண்டு சட்டத்தில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பகல் படத்துக்குத்தான் சாரதாமணியை நிறுத்தினேன். அவளிடம் ஒரு லாவண்டர் நிறச் சேலை உண்டு. எந்தக் கலரும் எடுத்துவிடலாம், லாவண்டர் எடுப்பது கஷ்டம். சிவப்பு கொஞ்சம் குறைந்தாலும் நீலம் கொஞ்சம் குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அந்தச் சேலைதான் ஸ்டாண்டர்டு சாம்பிள் என்று அறிவித்தேன். எல்லா ரோலுக்கும் அதே சேலை, அதே இடம், தண்ணீர்த் தொட்டி ஓரம், காலை வெயில்.

அத்தோடு விட்டிருக்கலாம். பந்தயம் முடியும்வரை அந்தச் சேலையைத் துவைக்கக் கூடாது என்று சொன்னேன். துவைத்தால் ஷேடு இறங்கும், பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? பட்டறையில் மாதிரித் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முத்திரை வைத்திருப்போம், யாரும் கை வைக்கக் கூடாது. அந்த ஒழுங்கை வீட்டுக்குள் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். சாரதாமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, கட்டறது நானுங்க," என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஸ்லைடுகள் மும்பையில் கழுவி வர நாளாகும். வந்ததும் அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸ் மேல் வைத்து, துணியில் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் கவுண்டிங் கிளாஸை அதன்மேல் நிறுத்தி, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் குனிந்து பார்ப்பேன். எண்ணிக்கைக் கண்ணாடியில் பார்க்கிறவனுக்கு ஒரு கண் பழகிவிட்டால் அதுதான் கண். வெறும் கண்ணால் ஸ்லைடு எனக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியவனுக்குக் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். போடவில்லை. ஷேடுகாரன் கண்ணாடி போட்டால் முதலாளி என்ன நினைப்பார்?

முதல் ரோலைப் பார்த்தேன். மஞ்சள். சேலை லாவண்டரே இல்லை, சாம்பல். நட்சத்திரமெல்லாம் மஞ்சள்தூள் தூவினது போல இருந்தது. ரிஜெக்ட் என்று டப்பாவின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன். அடுத்த வகையும் மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள். லேபுக்குப் போன் போட்டு, உங்கள் முதல் தொட்டியில் சூடு சரியில்லை என்று சண்டை பிடித்தேன். அந்த மனுஷர் இந்தியில் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்குப் பட்டறையில் பேசிப் பழகிய அரைகுறை இந்தி. திட்டுவதற்குப் போதும், பதிலைப் புரிந்துகொள்ளப் போதாது.

பிறகு புத்தகத்தில் வேறொரு வழி அகப்பட்டது. பிலிமுக்குள் இருக்கும் ஈரத்தையும் காற்றையும் விரட்டிவிட்டு, நைட்ரஜன் நிறைந்த பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் வைத்திருந்தால் அதன் சோம்பல் குறையுமாம். அந்தக் காலத்தில் பெரிய பெரிய வானாய்வுக் கூடங்களிலேயே இப்படித்தான் பக்குவம் செய்தார்களாம். காற்றுப் புகாத பாத்திரம் என்றால் நம் வீட்டில் குக்கர்தான். நைட்ரஜன் என்றால் டயர் கடைதான். வேலம்பாளையம் போகிற வழியில் டயர் கடை வைத்திருக்கும் இளங்குமரன் என்னோடு படித்தவன். இருட்டுப் பைக்குள் கைவிட்டு, பிலிமைச் சுருளில் சுற்றிக் குக்கருக்குள் இறக்கி, மூடி போட்டு, வெயிட் போடுகிற இடத்தில் ஒரு டியூபைச் செருகி எடுத்துக்கொண்டு போனேன்.

காருக்குக் காற்றடிக்க நின்றவர்கள் எல்லாரும் இறங்கி வந்து பார்த்தார்கள். இளங்குமரன் சிரிக்கவே இல்லை, நல்ல சிநேகிதன். "எவ்வளவு அடிக்கட்டும் மாப்ள? முன் டயருக்கா, பின் டயருக்கா?" என்று மட்டும் கேட்டான். கொஞ்சமாக அடி என்றேன். அவனுடைய கொஞ்சம் லாரிக்காரன் கொஞ்சம். சேப்டி வால்வு படீரென்று கழன்று பக்கத்து மெக்கானிக் கடைத் தகரத்தில் போய் விழுந்தது. ஒரு பாட்டி காரிலிருந்து இறங்கி, பருப்பு வெந்துருச்சா சாமி என்று விசாரித்தார்.

வேறு வால்வு போட்டு, குறைச்சலாக அடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் அண்டாவில் இறக்கி வைத்தேன். அதுவரை நம் வீட்டில் கடைந்த பச்சைப்பயிறு குக்கரில் வெந்துகொண்டிருந்தது, அன்றையிலிருந்து சட்டிக்கு மாறியது. அந்த ரோலும் கழுவி வந்தது. நட்சத்திரங்கள் முன்னைவிட நிறைய விழுந்திருந்தன. அது மட்டும் உண்மை, பக்குவம் வேலை செய்திருந்தது. ஆனால் மஞ்சள் அப்படியே இருந்தது.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. எது சாயமாக இருந்தாலும் சூட்டில் நகரும், பக்கத்தில் இருப்பதில் ஏறும். அந்தக் குக்கர் ரப்பரில் எத்தனை வருஷத்து மஞ்சள்தூள் ஊறியிருக்கும்? அதுதான் பிலிமில் ஏறியிருக்கிறது. பட்டறையில் பத்துப் பேர் நடுவில் இந்தக் கண்டுபிடிப்பை விளக்கினேன். எல்லாரும் ஆமாங்க, இருக்குமுங்க என்றார்கள். எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது. கிணற்றில் விழப் போகிறவனையும் பார்த்துப் போங்க என்றுதான் சொல்வோம், பிடித்து இழுக்க மாட்டோம். நான் புதுக் குக்கர் வாங்கினேன். அதுவும் மஞ்சள்தான்.

ஆவணி முடிந்துவிட்டது. வால்நட்சத்திரம் கிளம்பி வந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. தோற்றால் மதுமதி மெஷினில் ஓட்டிக் காட்டும், நான் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் நான் எதற்கு, கையெழுத்து மட்டும் எதற்கு? பயந்துபோய்விட்டேன் என்பதை ஒளிக்க இன்னும் சத்தமாகப் பேசினேன்.

கடைசியில் வழி என் தொழிலிலேயே இருந்தது. துணி மஞ்சளடித்தால் என்ன செய்வோம்? நீலம் போடுவோம். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற நீல பில்டர் கண்ணாடிகள் கிடைக்கின்றன. வெளிர்நீலம் ஒன்று வாங்கி மாட்டி, சாரதாமணியைத் தொட்டி ஓரம் நிறுத்தி எடுத்தேன். சேலை கொஞ்சம் தேறியது. அதற்கு மேல் இன்னொன்றை மாட்டினேன். படம் வந்தது. குனிந்து பார்த்தேன். லாவண்டர்! கையில் எடுத்துப் பிடிக்கலாம் போன்ற அசல் லாவண்டர். அவளைக் கூப்பிட்டுக் காட்டக்கூடத் தோன்றவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய், ஃபார்முலா கிடைத்துவிட்டது என்றேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம். மழைக்காலம் அது, சாயங்காலமானால் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தினமும் மச்சினன் தோட்டத்துக்குப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். தனியாகப் போவது எனக்குப் பயம், பாம்பு பூச்சி இருக்கும் என்று சாரதாமணியையும் கூட்டிப்போவேன். கடைசியில் ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்து மேற்கு துடைத்துவிட்ட மாதிரி திறந்தது. வெளிச்சம் போவதற்குள் அவளை நிறுத்தி முதல் படம் எடுத்தேன். அப்புறம் சூரியன் இறங்கியது. காற்றாலைகளுக்கு மேலே, வெள்ளிக்கும் கொஞ்சம் தள்ளி அது தெரிந்ததாம்.

தெரிந்ததாம் என்றுதான் சொல்ல வேண்டும். சாரதாமணிதான் கண்டுபிடித்தாள். "ஏனுங்க, அதா, அங்கீங்க," என்று என் தோளைத் தட்டினாள். நான் கேமராவின் துவாரத்தில் வலது கண்ணை வைத்து மங்கலாக ஒரு தீற்றலைப் பிடித்து நடுவில் கொண்டுவந்தேன். பிறகு நேரம் எண்ணினேன், பில்டரைத் துடைத்தேன், அடுத்த படத்துக்குத் திருகினேன், கேமரா ஆடிவிடும் நடக்காதே என்று அவளை அதட்டினேன். அவள் வரப்பில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அது காற்றாலைக்குப் பின்னால் இறங்கியபோது நான் பிலிமைச் சுற்றி முடித்து, ஜெயித்துவிட்டேன் என்றேன்.

ஸ்லைடு வந்தது. கவுண்டிங் கிளாஸை வைத்தேன். பால் வெள்ளையில் தலை, வாலில் பழைய தந்தத்தின் நிறம், கீழே அடிவானத்தில் மிச்சமிருந்த ஆரஞ்சு. முதல் படத்தில் லாவண்டர் சேலை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலாளி பார்த்தார். நல்லா இருக்குதுங்க மகுடேசு என்றார். சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து, சூப்பருங்க என்றார்கள். மதுமதி மட்டும் ரொம்ப நேரம் பார்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, "நல்லா வந்திருக்குதுங்ணா," என்று கிளாஸைத் திருப்பிக் கொடுத்தது. தோல்வியைத் தாங்க முடியவில்லை பாவம் என்று நினைத்தேன். எல்லாருக்கும் என் செலவில் போண்டா.

அப்புறம் ஒரு மாதம் நான் ஆடிய ஆட்டத்தை விவரிக்க வெட்கமாக இருக்கிறது. மெஷின் ஓடுகிற பக்கம் போனாலே சிரித்துக்கொண்டு போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து வரும்போது வலது கண்ணில் பஞ்சுத்தூசி விழுந்து, கசக்கிக் கசக்கிக் கண் வீங்கிப்போயிற்று. சாரதாமணி தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்துக் கட்டினாள். சும்மா உட்கார்ந்திருந்தவன், அதுவரை அவளுக்கு ஸ்லைடைக் காட்டவே இல்லை என்பது ஞாபகம் வந்து, பெரிய மனதோடு எடுத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, என்ற சீலைய எதுக்குங்க நீலத்துல முக்கி வெச்சிருக்கறீங்க?"

எனக்குச் சுரீரென்றது. பட்டறையில் அத்தனை பேர் பார்த்துச் சரி என்றார்கள், நீ கலர் சொல்ல வந்துவிட்டாயா என்றேன். கட்டினவளுக்குத் தெரியாதா என்றாள். உனக்குக் காட்டுகிறேன் பார் என்று கிளாஸைப் பிடுங்கிக் குனிந்தேன். வலது கண்ணில் துணி கட்டியிருந்ததால் இடது கண்ணைத்தான் வைக்க முடிந்தது.

நீலம். சேலை நீலம், அவள் கை நீலம், பின்னால் தெரிந்த வரப்பு நீலம். வால்நட்சத்திரத்தைப் பார்த்தேன். சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருந்தது. துணியை அவிழ்த்தெறிந்து வலது கண்ணை வைத்தேன். லாவண்டர். இடது கண். நீலம். எழுந்துபோய் வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். இடது கண்ணுக்குச் சுண்ணாம்பு வெள்ளை. வலது கண்ணுக்குப் பழைய எண்ணெய்க் காகிதம். எத்தனை காலமாக என்று யாருக்குத் தெரியும்? இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒற்றைக் கண்ணால் பார்த்த இடத்தில் மட்டும் உலகத்துக்கே மஞ்சள் அடித்திருக்கிறது. நான் பிலிம் கம்பெனிகளையும், மும்பைக்காரரையும், இரண்டு குக்கரையும் ரிஜெக்ட் செய்திருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். மெய்யாகவே அழுகை வந்தது. சாரதாமணி சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கோயமுத்தூருக்குப் போலாமுங்க என்றாள்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். புரை, நன்றாக முற்றி மஞ்சளாகிவிட்டது, இவ்வளவு நாள் எப்படி உங்களுக்குத் தெரியாமல் போனது என்று கேட்டார். என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்டார். கலர் பார்க்கிற வேலைங்க என்றேன். அவர் நாகரிகமானவர், திரும்பிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் பட்டறைக்குப் போய், எல்லாரும் இருக்கும்போதே மதுமதியிடம், நான் தோற்றுவிட்டேன், படம் நீலம் என்று சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போண்டா தின்றவன் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அப்போதே சொல்வதற்கு என்ன என்று மதுமதியைக் கேட்டேன்.

"உங்ககிட்ட எப்படிங்ணா சொல்றது? நீங்க கையெழுத்துப் போட்டப்புறம் வெள்ளை, வெளிர் கலரெல்லாம் நான் ஒருக்கா மெஷினுல ஓட்டிப் பார்த்துட்டுத்தானுங்ணா லாரி ஏத்துவேன். முதலாளிதான் அப்படிச் செய்யச் சொன்னாருங்ணா."

மகுடேசு தலையாட்டினால் லாரி கிளம்பும். மெஷினும் தலையாட்டிய பிறகு. அந்தப் பெண் அதை என் காதுக்கு எட்டாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. கோபப்பட முடியுமா? நானும் தலையை ஆட்டினேன். இப்போது நான் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு லாட்டுக்கும் மெஷினின் எண்ணும் கூட இருக்கிறது. பந்தயம் பந்தயம்தான்.

கட்டுப் பிரித்த பிறகு வீட்டில் உட்கார்ந்து, ரிஜெக்ட் என்று எழுதி மூலையில் போட்டிருந்த டப்பாக்களையெல்லாம் எடுத்தேன். கவுண்டிங் கிளாஸ், புது வலது கண். ஒவ்வொரு ரோலிலும் முதல் படத்தில் சாரதாமணி நின்றுகொண்டிருந்தாள். பில்டர் மாட்டாத எல்லாவற்றிலும் லாவண்டர் லாவண்டராகவே இருந்தது. முதல் வாரமே பிலிம் சரியாக இருந்திருக்கிறது. பில்டர் இல்லாமல் அதே வகை ரோலைக் குக்கரில் வைத்துப் பக்குவம் செய்து எடுத்துப் போயிருந்தால் போதும்.

அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஆடி மாதத்துப் படத்தில் தலையில் பூ வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அடுத்ததில் பூ இல்லை. அதற்கடுத்ததில் சிரிப்பு இல்லை. ஒன்றில் கையில் கரண்டி இருக்கிறது, அடுப்பிலிருந்து அப்படியே இழுத்து வந்து நிறுத்தியிருப்பேன். இத்தனை நாளும் சேலையைத்தான் பார்த்தேன், கட்டியிருந்தவளைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. கடைசிப் படம், தோட்டத்தில் எடுத்தது, நீலம். அதில் அவள் என் பக்கமே பார்க்கவில்லை. மேற்கே முகத்தை நிமிர்த்திக்கொண்டு எதையோ எதிர்பார்த்து நிற்கிறாள்.

அப்போதுதான் உறைத்தது. அந்த வால்நட்சத்திரத்தை நான் பார்க்கவே இல்லை. புரை விழுந்த கண்ணால் ஒரு துவாரத்துக்குள் பார்த்தேன், அவ்வளவுதான். அது இனி வரப்போவதும் இல்லை. எங்கள் வீட்டில் அதை முழுசாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வந்தாள். அதே சேலை. நீ இதைத் துவைக்கவே இல்லையா என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் துவைத்துத்தான் கட்டினாளாம், நாறுகிற சேலையை யார் கட்டுவார்கள் என்றாள். ஒரு இம்மிகூட ஷேடு இறங்கவில்லை. தலையை அண்ணாந்து காட்டினேன். மருந்து விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டே, முப்பது வருஷமாக யாரிடமும் கேட்காததை அவளிடம் கேட்டேன்.

"ஏம்புள்ள, அது என்ன கலருல இருந்துச்சு?"

அவள் மருந்துப் பாட்டிலை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெள்ளைன்னும் சொல்ல முடியாதுங்க. கோலமாவுக் கையால தெரியாம சுவத்தைத் தொட்டுட்டா ஒரு இழுப்பு இழுத்திருக்குமல்லங்க, அந்தக் கலரு. நுனியில ஒண்ணுமே இல்லீங்க, அப்படியே வானத்தோட போயிருச்சு. நான் உங்களைக் கூப்பிட்டனுங்க. நீங்க நடக்காதேன்னு சொல்லீட்டீங்க."

இன்னொரு தரம் சொல்லு என்றேன். சொன்னாள்.